காட்டு மரத்தில் அம்மா கட்டிய தொட்டில்

பெரியவளின் கைப்பேசியில் ஒரு படம் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் அந்தப் பெரிய மரத்தின் வேரில் முதுகைச் சாய்த்து, கைகளை அகல விரித்து நிற்கிறீர்கள். சின்னவளின் காலுறையில் ரத்தம். அட்டை கடித்ததை எல்லாரும் பார்க்கட்டும் என்று காலை முன்னால் நீட்டியிருக்கிறாள். படத்தை எடுத்தவர் நம்மைக் காட்டுக்குள் கூட்டிப் போன மலாய்க்காரப் பெரியவர், நீங்கள் பாக்சிக் என்று கூப்பிட்டவர். படத்தில் நானும் இல்லை, அம்மாவும் இல்லை. "நீங்க ரெண்டு பேரும் எங்க போனீங்க?" என்று அன்றைக்கே சின்னவள் கேட்டாள். சும்மா சுற்றிப் பார்த்தோம் என்றேன். அது பொய்.

உங்கள் தம்பி இறந்த துக்கத்தில்தான் அம்மா ஏழு மாதம் அப்படி இருந்தாள் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். அது பாதிதான். மீதிப் பாதி நான். இதை வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. எழுதினால் நடுவில் எழுந்து போக முடியாது என்பதால் எழுதுகிறேன்.

தம்பி வயிற்றில் இருக்கும்போதே, ஐந்தாம் மாதத்தில், ஸ்கேன் எடுத்த டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். பிள்ளையின் இதயத்தில் ஒரு பக்கம் சரியாக உருவாகவில்லை. பிறந்தாலும் தங்குவது கடினம். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நான் கனமான சாமானு தூக்குனேன் டாக்டர். கேண்டீன் வேலையில. அதனாலயா?"

"இல்லம்மா. இது ஆரம்பத்துலயே இப்படி உண்டானது. நீங்க செஞ்ச எதனாலயும் வரல. நல்லா கேட்டுக்குங்க, எதனாலயும் இல்ல."

அந்த அறையில் நானும் உட்கார்ந்திருந்தேன். அந்த வார்த்தைகளை நானும் கேட்டேன். இதை மட்டும் நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் அம்மா பிறந்தது மலை ஓரத்துத் தோட்டத்தில். தோட்டம் முடிகிற இடத்தில் காப்புக்காடு தொடங்கும். காட்டுக்குள் நடந்தால் அந்த மரம் வரும். மலாய்க்காரர்கள் துவாலாங் என்கிறார்கள். தேனீ கூடு கட்டுகிற மரம். அந்தத் தோட்டத்துப் பெண்கள் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு அங்கே போய்த் தொட்டில் கட்டுவார்கள். தன் சேலையிலிருந்து ஒரு துண்டு கிழித்து, உள்ளே பிள்ளைக்குப் பதிலாக ஒரு கல்லை வைத்து, தொங்குகிற கொடியில் கட்டிவிட்டு வருவார்கள். பிள்ளை பிறந்ததும் தூக்கிக்கொண்டு போய்க் கட்டியவளே அவிழ்ப்பாள். வேறு யாரும் கை வைக்கக்கூடாது. என்னுடையது தலைமுறை தலைமுறையாக மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். கல்யாணத்துக்கு முன் அம்மா ஞானஸ்நானம் வாங்கினாள். அதற்குப் பிறகு ஒரு ஞாயிறுகூடப் பூசைக்குத் தவறியதில்லை. அந்த மரத்தைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதும் இல்லை.

டாக்டர் சொன்ன அடுத்த வாரம், ரவாங்கில் இருக்கும் உங்கள் பெரியம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்று போனாள். போய்வந்து கொஞ்சம் தெளிவாக இருந்தாள். அக்காவோடு இருந்ததால் மனம் ஆறியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

தம்பி பிறந்து பதினோரு நாள் இருந்தான். ஆஸ்பத்திரியிலேயே அவனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தோம். பன்னிரண்டாம் நாள் காலையில் அவனைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்தார்கள். அம்மா பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தாள். இரண்டு கையையும் நீட்டினாள். "நேரமாவுது, ஃபாதர் காத்துக்கிட்டு இருக்காரு" என்று சொல்லி நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் அவள் திருப்பித் தரமாட்டாள் என்று பயந்தேன். கல்லறைக்கும் அவளைக் கூட்டிப் போகவில்லை. பச்சை உடம்புக்காரி, கல்லறை மண்ணை மிதிக்கக்கூடாது என்று வீட்டுப் பெண்கள் பிடித்து உட்காரவைத்தார்கள். "நா வரேன், நா தூரமா நிக்கிறேன்" என்று வாசல் வரை வந்தாள். என்னைத்தான் பார்த்தாள். நானும் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறினேன்.

மூன்றாம் நாள் செபம் முடிந்து, வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் முன்னறையில் இருந்தீர்கள். குசினியில் பெரியம்மா அழுதுகொண்டே சொன்னாள்:

"அஞ்சு மாச வயித்தோட அந்தக் காட்டுல ஏறி எறங்கி தொட்டில் கட்டுனாளே. அதுக்காச்சும் எரங்கியிருக்கலாமே அந்தச் சாமி."

"எந்தக் காட்டுல?" என்று நான் கேட்டேன்.

பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். ஒளிக்கவில்லை. "நாந்தான் போனேன். எங்க ஊரு மரத்துக்கு" என்றாள்.

என் கோயில் ஆட்கள் நான்கைந்து பேர் அங்கே நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் எனக்கு முகம் எரிந்தது. அந்த எரிச்சலில் சொன்னேன்: "வயித்துல புள்ளைய வெச்சிக்கிட்டு மலையேறுனா புள்ள எப்படித் தங்கும்? மரத்துக்குக் குடுத்துட்டு வந்துட்ட. அது எடுத்துக்கிச்சி."

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. டாக்டர் சொன்னது எனக்கு அப்போதும் ஞாபகத்தில் இருந்தது. தெரிந்துதான் சொன்னேன்.

அதோடு நிறுத்தியிருந்தாலும் மன்னிப்புக் கேட்க ஒரு வழி இருந்திருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல், அரிவாளைச் சாக்கில் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு அந்தக் காட்டுக்குப் போனேன். அனுமதி வாங்கவில்லை. சங்கிலி போட்டிருந்த இடத்தில் குனிந்து உள்ளே நுழைந்தேன். பாதை ஒன்றுதான், தவற வழியில்லை. மரத்தின் பின்பக்கம், சுவர்போல எழுந்து நிற்கிற இரண்டு வேர்களுக்கு நடுவே என் மணிக்கட்டுத் தடிமனில் ஒரு கொடி தொங்கியது. அதில் மூன்று தொட்டில்கள். அம்மாவுடையது எது என்று பார்த்ததும் தெரிந்தது. சின்னவளின் ஞானஸ்நானத்துக்குக் கட்டிய நீலச் சேலை, வெள்ளைப் பூப் போட்டது.

முடிச்சை அவிழ்த்திருக்கலாம். கைக்கு எட்டுகிற உயரம்தான். ஆனால் அவிழ்க்கப் பொறுமை இல்லை. நான் இருபது வருடமாகச் செம்பனைக் குலை வெட்டுகிறவன். கோபம் வந்தாலும் கைக்கு அந்த வேலைதான் வருகிறது. அரிவாளைக் கொடிக்குக் கீழே கொடுத்து ஒரே இழுப்பு இழுத்தேன். மூன்று தொட்டிலும் கொடியோடு கீழே விழுந்தன. மற்ற இரண்டையும் அப்படியே போட்டுவிட்டு, நீலத்தை மட்டும் சாக்கில் போட்டுக்கொண்டு வந்தேன். பழைய தோட்டத்துப் பாலத்துக்கிட்டே நிறுத்தி பாரிட்டுக்குள், அந்தத் தோட்டத்து வாய்க்காலுக்குள், எறிந்தேன். கல் இருந்ததால் உடனே முழுகியது. இனி வீட்டில் அந்தப் பேச்சு இல்லை என்று சொல்லிக்கொண்டேன். வீட்டுக்கு வந்தபோது அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என் காற்சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள். திரும்பி அடுத்த துணியை உதறினாள்.

அந்த ஏழு மாதத்தை உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. உங்களோடு அம்மா பேசினாள், பாடம் கேட்டாள், தலை பின்னிவிட்டாள். என்னிடம் "சோறு இருக்கு", "சாவி அங்க இருக்கு", அவ்வளவுதான். கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். ஃபாதர் விசாரித்தபோது உடம்பு சரியில்லை என்று நான்தான் சொல்லி வந்தேன்.

ஒருநாள் காலையில், நான் வேலைக்குப் போகத் தண்ணீர்ப் போத்தலை எடுத்தபோது, அவளாகவே பேசினாள்.

"நா அந்த மரத்துக்குப் போவணும்."

நான் போத்தலை மூட மறந்து நின்றேன்.

"தொட்டில அவுக்கணும். கல்லு இன்னும் அதுக்குள்ளயே ஆடிக்கிட்டு இருக்கு. ராவும் பகலும் எனக்கு அதே நெனப்பு. இப்ப தனியா உள்ள விடமாட்டாங்களாம், பெர்மிட் எடுத்து ஆளோட போவணுமாம். நீங்க கூட்டிட்டுப் போங்க. வேற ஒண்ணும் நா கேக்கல."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏழு மாதம் கழித்து அவள் பேசிய முதல் பேச்சு அது. அதை வெட்ட எனக்கு மனம் வரவில்லை என்று இப்போது எழுதலாம். உண்மை அதுவல்ல, எனக்குத் தைரியம் இல்லை. பெர்மிட் எடுக்க நாளாகும் என்றேன். மழைக்காலம் போகட்டும் என்றேன். எனக்கு லீவு கிடைக்காது என்றேன். பெரியவள் பக்கத்திலிருந்து, "ஆன்லைன்லயே போடலாம் பா, ஈஸிலா" என்று சொல்லி, அன்று சாயங்காலமே போட்டுவிட்டாள். நாலு பேருக்கு. உனக்குத் தெரியாது மகளே, நீ நல்லதுதான் செய்தாய்.

அந்தச் சனிக்கிழமை கோலா சிலாங்கூரில் பசியாறிவிட்டு உள்நாட்டுப் பக்கம் வண்டியை விட்டோம். இரண்டு பக்கமும் செம்பனை. சின்னவள் பின்னால் உட்கார்ந்து எத்தனை குரங்கு என்று எண்ணிக்கொண்டு வந்தாள். அம்மா மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். அதில் ஒரு வெள்ளைத் துண்டு இருந்தது. அவிழ்த்த தொட்டிலைச் சுற்றிக் கொண்டுவர. அதைப் பார்த்ததிலிருந்து நான் அவள் பக்கம் திரும்பாமலே வண்டி ஓட்டினேன்.

காட்டு வாசலில் பாக்சிக் காத்திருந்தார். அவர் பேசின தமிழைக் கேட்டு நீங்கள் இரண்டு பேரும் சிரித்தது ஞாபகம் இருக்கும். சின்ன வயதில் தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் வளர்ந்தவராம். வேலையை மேற்பார்க்கிற மண்டோர் ஆட்களை ஏசுவதைக் கேட்டே தமிழ் கற்றுக்கொண்டவர். அதனால் எல்லாருக்கும் 'நீ'தான்.

"ஏய், நீ, பை தொற. சூடம் இருக்கா? நெருப்பு கூடாது. பாராங் இருக்கா? கத்தி கூடாது."

"பாக்சிக், நீங்க ஏன் ஏசுறீங்க?" என்று சின்னவள் கேட்டாள்.

"நா ஏசல. நா மரியாதயா பேசுறேன். இதுதான் எனக்குத் தெரிஞ்ச மரியாத."

அம்மாகூடக் கொஞ்சம் சிரித்தாள். ஏழு மாதத்தில் அதுதான் முதல் சிரிப்பு. சிரித்து முடிவதற்குள் அவர் என் பையை மூடிக்கொண்டே சொன்னார்:

"கோவிச்சுக்காத தம்பி. முன்ன ஒரு ஆளு களவா வந்து கொடிய வெட்டிட்டான். தொட்டில் கட்டுற கொடி. அதுலேருந்து எங்க பெரிய ஆபீசர் எல்லார் பையும் பாக்கச் சொல்லிட்டாரு."

அம்மா திரும்பினாள். "எந்தத் தொட்டிலு?"

"கீழ கெடந்துச்சிக்கா. நா முஸ்லிம், எனக்கு இந்தச் சாமி விசயம் தெரியாது. ஆனா ஒரு அம்மா கட்டுனதுதானே? குப்பையில போட மனசு வரல. எடுத்து வேற கொடியில கட்டி வெச்சிருக்கேன்."

"எத்தன இருந்திச்சி?"

"ரெண்டு."

அம்மா கணக்குப் போட்டது எனக்குத் தெரிந்தது. அவள் கட்டியபோது அங்கே ஏற்கெனவே இரண்டு இருந்திருக்கின்றன, அவளுடையதோடு மூன்று.

நடக்கத் தொடங்கினோம். நீங்கள் பாக்சிக்கோடு முன்னால் போனீர்கள். காலுறையில் சோப்புத் தண்ணி தடவியும் அட்டை ஏறியது. பெரியவள் ஒவ்வொன்றுக்கும் கத்தினாள். சின்னவள் அவளைப் பார்த்து, "அக்காவோட ரத்தம் ஸ்வீட்டு, எல்லா அட்டையும் அங்கதான் போவுது" என்று கேலி செய்தாள். நானும் அம்மாவும் பின்னால் வந்தோம். முதல் மேடு ஏறினதும் அம்மா நின்று மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்:

"அந்த ரெண்டுல ஒண்ணு நம்மளோடதா இருக்கும்லா?"

அந்த இடம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. பாதையின் குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தது. அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு அவள் நின்றாள். நெற்றி முழுக்க வியர்வை. நான் சொன்னேன்:

"இருக்கும்."

செய்த எல்லாவற்றிலும் அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு மிகவும் கேவலமாகத் தெரிகிறது. வெட்டியது கோபத்தில். இது கோபம்கூட இல்லை. மேலும் ஒன்றரை மணி நேரம் நடந்தோம். இரண்டு ஓடை கடந்தோம். அவள் வழுக்கியபோது என் கையைப் பிடித்தாள். ஒவ்வொரு வளைவிலும் இங்கே சொல்லிவிடலாம், அடுத்த வளைவில் சொல்லிவிடலாம் என்று பார்த்துக்கொண்டே போனேன். ஐந்து மாத வயிற்றோடு இந்தப் பாதையில்தான் அவள் ஏறியிருக்கிறாள் என்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு இடத்தில் கொடியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. எனக்கே இரண்டு முறை முயல வேண்டியிருந்தது.

மரத்தை முதலில் பார்த்தது சின்னவள். "அம்மா! மேல முடியவே இல்ல!" என்று அவள் கூவியது எங்களுக்குக் கேட்டது. மரம் வெளுத்த நிறத்தில், பட்டை வழவழவென்று நின்றது. முதல் கிளையே அவ்வளவு உயரத்தில். தேனடைகள் கறுப்பாகத் தொங்கின. எத்தனை வயசு என்று பெரியவள் கேட்டதற்கு, "யாருக்குத் தெரியும்? எங்க தாத்தாவோட தாத்தா காலத்துலயும் இதே மாதிரிதான் நின்னிச்சாம்" என்றார் பாக்சிக். நீங்கள் கையைக் கோத்துக்கொண்டு சுற்றளவு அளக்க ஆரம்பித்தீர்கள். அம்மா மரத்தை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. நேரே பின்பக்கம் போனாள்.

பாக்சிக் கட்டிவைத்த தொட்டில்கள் இரண்டு. ஒன்று சிவப்பு, மழையில் வெளுத்தது. ஒன்று மஞ்சள். முடிச்சு அவருடைய முடிச்சு. படகு கட்டுகிற மாதிரி இறுக்கமாக இருந்தது. அம்மா இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். பிறகு கீழே தேடினாள். இலைச் சருகைக் காலால் தள்ளினாள், உட்கார்ந்து கையால் தள்ளினாள். வேர்ச் சந்துக்குள் கையை விட்டுத் துழாவினாள். நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். "உள்ள கைய விடாத, பாம்பு இருக்கும்" என்று சொன்னேன்.

எழுந்திருக்கும்போது அந்த வெட்டுப்பட்ட கொடியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். பிடித்த கையை எடுக்கவில்லை. நுனியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

நான் இடக்கைக்காரன். குலை வெட்டுகிறவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்த்து வெட்டினால் என் வெட்டு மறுபக்கம் சாயும். மட்டையைப் பார்த்தே இது யார் வெட்டினது என்று மண்டோர் சொல்லிவிடுவார். கல்யாணமான புதிதில் அம்மாவும் என் பின்னால் வந்து உதிரிப் பழம் பொறுக்கியவள்தான். ஆறு வருடம் அந்த வெட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் என் நிரை எது என்று கண்டுபிடித்து எனக்குச் சோறு கொண்டுவருவாள். கொடியின் நுனி காய்ந்து கறுத்திருந்தது. ஆனால் கீழிருந்து மேலாக ஒரே இழுப்பில் விழுந்த வெட்டு, மறுபக்கம் சாய்ந்து, வழவழவென்று அப்படியே இருந்தது.

கட்டைவிரலால் அந்தச் சரிவை ஒருமுறை தடவினாள்.

"உங்க வெட்டு" என்றாள்.

மரத்துக்கு முன்பக்கம் நீங்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. பாக்சிக் "ஏய், நேரா நில்லு, கைய விரி" என்று அதட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சேத்தோட வந்தீங்களே, அன்னிக்கா?"

நான் தலையாட்டினேன்.

"எங்க போட்டீங்க?"

"பாரிட்டுல. பழைய தோட்டத்துப் பாலத்துக்கிட்ட."

"கல்லோடயா?"

"கல்லோட."

அவள் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். துணிப்பையிலிருந்த வெள்ளைத் துண்டை எடுத்துக் கையிலிருந்த மண்ணைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே, யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்:

"ஆஸ்பத்திரியில நான் கைய நீட்டுனேன். குடுக்கல. கல்லறைக்கு வரேன்னு வாசல்ல நின்னேன். கூட்டிட்டுப் போவல. கடைசியா என் கையால செய்யறதுக்குன்னு இது ஒண்ணுதான் இருந்திச்சி. அதையும் நீங்களே செஞ்சிட்டீங்க."

துண்டை மடித்துப் பையில் வைத்துவிட்டு, "இருக்கும்னு சொன்னீங்களே" என்றாள். அதற்குத்தான் அவள் குரல் உடைந்தது.

மன்னித்துவிடு என்று நான் சொன்னேன். அது தேனீச் சத்தத்தில் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டதோ என்னமோ. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் போய், "எவ்வளவு வந்திச்சி, அளந்தீங்களா?" என்று உங்களிடம் கேட்டாள். அவள் கண் சிவந்திருந்ததைப் பாக்சிக் பார்த்துவிட்டார். "பரவால்லக்கா. இந்த மரம் பாத்தா சில ஆளுக்கு அழுகை வரும்" என்றார். அவரிடமும் நான் உண்மையைச் சொல்லவில்லை. இறங்கும்போது அவர் என் கைக்குக் கம்பு ஒடித்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன். தம்பி, தம்பி என்று என்னை அக்கறையாக இறக்கிக்கொண்டு வந்தார். அவர் குப்பையில் போட மனமில்லாமல் எடுத்துக் கட்டியதை வெட்டிப் போட்டவன் நான்தான் என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது நீங்கள் பின்னால் தூங்கிவிட்டீர்கள். பழைய தோட்டத்துப் பாலம் வந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

"இங்கதானா?" என்று அம்மா கேட்டாள்.

"இங்கதான். நிறுத்தட்டுமா?"

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பாரிட்டை மண்வாரி இயந்திரம் விட்டுத் தோண்டியிருந்தார்கள். அள்ளிப்போட்ட சேறு இரண்டு கரையிலும் மேடு மேடாகக் காய்ந்து, அதன்மேல் புல்லும் முளைத்திருந்தது.

"எதுக்கு நிறுத்தணும்? போங்க."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து நானே கேட்டேன். "கல்லறைக்குக் கூட்டிட்டுப் போறேன். ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சி போலாம்."

"போறேன். நீங்க வேணாம்."

"தனியாவா?"

"புள்ளைங்க ரெண்டும் வரட்டும்." போகத் திரும்பியவள், "எந்த எடம்னு எனக்குத் தெரியாது. எழுதிக் குடுங்க" என்றாள்.

பெற்றவள் பிள்ளையைப் புதைத்த இடத்தை என்னிடம் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சின்னவளின் கணக்கு நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வரைந்தேன். வாசல் இங்கே. தண்ணீர்க் குழாய் இங்கே. வேலி ஓரமாக மூன்றாவது வரிசை, கடைசி. சிலுவை சின்னதாக இருக்கும், மரச் சிலுவை, சாய்ந்திருந்தாலும் சாய்ந்திருக்கும். கோடு நேராக வரவில்லை. இன்னொரு தாளில் திரும்ப வரைந்தேன். அவள் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அடுத்த சனிக்கிழமை நீங்கள் மூன்று பேரும் பஸ் ஏறிப் போனீர்கள். நான் வீட்டில் சோறு வடித்தேன், மீன் பொரித்தேன். அங்கே அம்மா என்ன செய்தாள், என்ன சொன்னாள் என்று உங்களுக்குத் தெரியும். எனக்குச் சொல்ல வேண்டாம். என்றைக்காவது பலவீனமாகி நானே கேட்டாலும் சொல்லாதீர்கள். அது அவள் கையால் செய்தது. என் கைக்கு வரக்கூடாது.

மத்தியானம் திரும்பி வந்தபோது மூன்று பேர் கையிலும் முழங்கை வரை மண். பின்வாசல் குழாயடியில் நின்று வெகு நேரம் கழுவினீர்கள். ஒருவர் கைக்கு ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டீர்கள். நான் குசினியிலிருந்து வெளியே வரவில்லை.